ஆறு ஐம்பதுக்கு வரும் முகங்கள்

1

“தம்பி, நம்ம காணாமப் போனவுகளக் காணல.”

புனேயின் கட்கிப் பகுதியிலிருந்து பேச்சியக்கா தொலைபேசியில் இப்படிச் சொன்னபோது நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். புனேயில் ஆடி மாதத்தில் துணி காயாது. ஒரு நம்பிக்கையில் கொண்டுபோய்க் கொடியில் போடுவோம், அதே ஈரத்தோடு சாயங்காலம் எடுத்து வருவோம். மழை என்றும் சொல்ல முடியாமல் பனி என்றும் சொல்ல முடியாமல் ஒன்று நாள் முழுக்க இறங்கிக்கொண்டே இருக்கும். இந்த ஊருக்கு வந்து முப்பது வருடம் ஆகப்போகிறது. இன்னும் அதற்கு ஒரு தமிழ்ப் பெயர் எனக்குக் கிடைக்கவில்லை.

அக்கா சொன்னது எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஊரிலிருந்து இதைப் படிக்கிற உங்களுக்குப் புரிந்திருக்காது. அதனால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

இங்கே அரசு தொலைக்காட்சியில் சாயங்காலம் ஏழு மணிக்கு மராத்திச் செய்தி. அதற்குப் பத்து நிமிடம் முன்னால், ஆறு ஐம்பதுக்கு, காணாமல் போனவர்களைப் பற்றிய அறிவிப்பு வரும். ஒரு முகம் வரும். பெயர், வயது, உயரம், கடைசியாக உடுத்தியிருந்த உடை, பார்த்தால் சொல்லவேண்டிய போலீஸ் ஸ்டேஷன் எல்லாவற்றையும் ஒரு பெண் குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் படிக்கும். பிறகு அடுத்த முகம். பாட்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. யாருக்கும் லாபம் இல்லாத அந்தப் பத்து நிமிடத்தைப் பேச்சியக்கா பதினான்கு வருடமாக ஒரு நாள் விடாமல் பார்த்து வருகிறார். கேபிள்காரன் போன வாரம் டிவிக்குப் புது செட்டாப் பெட்டி மாட்டினான். சாமி வந்தது, சமையல் வந்தது, ஆங்கிலத்தில் முதலை வந்தது. காணாமல் போனவர்கள் மட்டும் வரவில்லை.

“நீங்க அந்த டிவி ஆபீஸ்ல இருந்தவுகதான, என்னன்னு கேட்டுச் சொல்லுங்க” என்றார். சரி அக்கா என்றேன். துணி கையில் கனத்தது. நான் அந்த ஆபீசில் இருந்தவன்தான். அங்கே நான் செய்தது அக்காவுக்கு எவ்வளவு தெரியும் என்பதுதான் எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாமல் இருந்தது.

2

தொலைக்காட்சியில் வேலை என்று சொன்னால் ஊரில் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். விடுமுறைக்கு அம்பாசமுத்திரம் வந்தால் நடிகைகளைப் பற்றி விசாரிப்பார்கள். “டிவியில வேல பாக்கேங்க, ஒரு நாளாவது மொகம் தெரியலையே” என்று என் அம்மாவுக்குச் சாகும்வரை மனக்குறை. தபால்காரரின் கையெழுத்து கடிதத்துக்குள் இருக்குமா? எங்கள் வேலையும் அப்படித்தான்.

கடக்வாஸ்லா அணையைத் தாண்டிப் போனால் அந்தப் பக்கம் மலைகள். அதில் ஒன்றின் உச்சியில் எங்கள் நிலையம் இருந்தது. பஸ் அடிவாரம் வரைக்கும், அதற்கு மேல் ஆபீஸ் ஜீப். மும்பையும் டெல்லியும் அனுப்புவதை வாங்கி, பலப்படுத்தி, புனே நகரத்தின் மேல் விரித்துவிடுவதுதான் வேலை. இது மும்பை, இது டெல்லி என்று இரண்டு வழி. எந்த நேரத்துக்கு எதை விடவேண்டும் என்று அட்டவணை வந்துவிடும். மணி பார்த்து ஒரு விசையை மாற்றவேண்டும். மாற்றிய நேரத்தை லாக் புத்தகத்தில் எழுதவேண்டும். இதற்குத்தான் அரசாங்கம் என்னைத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து அழைத்துவந்து அங்கே உட்காரவைத்தது.

எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்திருந்தது. மழைக்காலத்தில் ஜன்னல் திறந்திருந்தால் மேகம் உள்ளே வந்துவிடும். லாக் புத்தகம் நமுத்துப்போய்ப் பேனா வழுக்கும். இயந்திரங்களின் ரீங்காரம் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருப்பதால் சற்று நேரத்தில் அது கேட்காமலே போய்விடும். வீட்டுக்கு வந்த பிறகுதான், அந்தச் சத்தம் இல்லாததால் காது வலிக்கும். மத்தியானம் மலைக்கிராமத்துப் பெண்கள் கூடையில் பிட்லாவும் பாக்ரியும் கொண்டுவருவார்கள். நம் கணக்கில் கெட்டியான கடலைமாவுக் குழம்பும் சோள ரொட்டியும். தின்றுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தால் கீழே நகரம் இருப்பதும் தெரியாது, நான் இருப்பதும் தெரியாது. ஆனால் அந்த வெள்ளைக்குள்ளே பாட்டும் செய்தியும் முகங்களும் என்னைத் தாண்டித்தான் போகின்றன என்று நினைத்துக்கொள்வேன். நான்தான் அனுப்புகிறேன் என்று ஒரு மயக்கம்.

அந்த மயக்கத்தில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. அணை நிரம்பி மதகு திறக்கும் நாட்களில், ஆற்றங்கரையில் இருப்பவர்கள் மேடான இடத்துக்குப் போகும்படி படத்தின் அடியில் ஒரு வரி ஓடும். அன்றைக்கெல்லாம் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டேன். அந்த வரி போய்ச் சேர்ந்து யாரோ பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுகிறார்கள் என்று நினைத்தாலே நெஞ்சு நிமிர்ந்துவிடும். பொதுநலனுக்காக எதெதைக் கட்டாயம் ஒளிபரப்பவேண்டும் என்று எங்கள் விதிப்புத்தகத்தில் ஒரு அத்தியாயமே உண்டு. உழவர்களுக்கு, காது கேளாதவர்களுக்கு, வெள்ளத்துக்கு, தடுப்பூசிக்கு, காணாமல் போனவர்களுக்கு.

விதிப்புத்தகம் அப்படிச் சொன்னது. நாங்கள் எங்களுக்குள் வைத்திருந்த பெயர் வேறு. இரண்டு பெரிய நிகழ்ச்சிகளுக்கு நடுவே வருவதை எல்லாம் ‘ஃபில்லர்’ என்போம். இடத்தை நிரப்புவது. ஆறு ஐம்பதும் எங்களுக்கு ஃபில்லர்தான்.

3

பேச்சியக்கா களக்காட்டுக்காரர். அவர் கணவர் சங்கரலிங்கம் அண்ணன் கட்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு இந்த ஊரில் முதல் வாடகை வீடு பார்த்துக் கொடுத்ததே அண்ணன்தான். கிரிக்கெட் என்றால் உயிர். வீட்டில் டிவி இருந்தாலும் கடைத்தெருவில் டிவி விற்கும் கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. “அங்கதான் தம்பி கூட்டத்தோட கத்தலாம்” என்பார்.

ஓய்வு பெற்ற மறு வருடமே அவருக்கு ஞாபகம் நழுவ ஆரம்பித்தது. மராத்தி முதலில் போயிற்று, அப்புறம் இந்தி. முப்பத்தைந்து வருடம் பேசிய பாஷைகள். தமிழ் மட்டும் மிஞ்சியது. பால்காரனிடமும் ரிக்‌ஷாக்காரனிடமும் களக்காட்டுத் தமிழில் பேசுவார். அவர்கள் சிரித்துக்கொண்டு அக்காவைக் கூப்பிடுவார்கள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலையில் பால் வாங்கப் போனவர் திரும்பவில்லை. ஸ்வார்கேட் பஸ் நிலையத்தில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அதற்கு மேல் ஒரு தடயமும் இல்லை.

போலீசில் மனு கொடுத்து, அதன் நகலோடு தொலைக்காட்சிக்கு விண்ணப்பம் அனுப்பினோம். மராத்திப் படிவத்தை நான்தான் பூர்த்தி செய்தேன். அண்ணனுக்கு இருந்த நல்ல படம் ஒன்றே ஒன்று. ஓய்வு பெற்ற நாளில் சந்தன மாலை போட்டு எடுத்தது. மாலையோடு இருந்தால் இறந்தவர் படம் மாதிரி இருக்கிறது, வேறு அனுப்புங்கள் என்று மும்பையில் திருப்பிவிட்டார்கள். கழுத்துக்குக் கீழே வெட்டி மறுபடி பிரதி எடுத்து அனுப்பியதில் ஒன்பது நாள் போயிற்று. ஒருவழியாக, இன்று மாலை போகிறது என்று மும்பையில் இருந்த நண்பர் ஒருவர் தகவல் சொன்னார். நான் மலைக்குக் கிளம்பும் முன் அக்காவிடம் போய்ச் சொன்னேன். “இன்னைக்கு வருதுக்கா. டியூட்டியில நான்தான் இருக்கேன். என் கையாலதான் அனுப்பப் போறேன்.”

அப்படிச் சொல்லியிருக்கவேண்டாம். சொன்னேன்.

அன்றைக்கு ஒரு பெரிய கிரிக்கெட் ஆட்டம். டெல்லி வழியில் நேரடி ஒளிபரப்பு. ஆறே முக்காலுக்கு மும்பைக்கு மாறவேண்டும் என்று அட்டவணையில் தெளிவாக இருந்தது. ஆட்டம் ஆறு நாற்பதுக்கு முடிந்தது. நம் ஆட்கள் ஜெயித்தார்கள். கட்டுப்பாட்டு அறையில் என்னோடு உதவியாளர் ஷிண்டே, காவலாளி, ஜீப் ஓட்டுநர், பாக்ரி விற்கும் அம்மாள்கூட இருந்தார். எல்லோரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டோம். பரிசளிப்புக்கு மேடை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் விசைப் பக்கம் போனேன். ஷிண்டே என் கையைப் பிடித்தார். “பாச் மினிட், ஐந்தே நிமிடம், சாஹேப். செய்திக்கு முன்னால் வெறும் ஃபில்லர்தானே” என்றார். மராத்தியில்தான் சொன்னார். எனக்கு அது தமிழில் கேட்டது, என் மனதும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

பாருங்கள், அவர் மேல் பழி போடவில்லை. பொறுப்பு என்னுடையது. அந்தக் கோப்பையை நானும் பார்க்க ஆசைப்பட்டேன். அந்தப் பத்து நிமிடமும் அண்ணன் எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. காலையில் அவர் வீட்டில் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பியவன் நான்.

ஏழு அடிக்க அரை நிமிடம் இருக்கும்போது விசையை மாற்றினேன். செய்தியின் முகப்பு இசை வந்தது. அப்போதுதான் அண்ணன் ஞாபகம் வந்தது. மாநிலம் முழுக்க, நாக்பூரிலும் ரத்னகிரியிலும் அண்ணனுடைய முகம் போயிருக்கிறது. அவர் தொலைந்த புனேயில் மட்டும் போகவில்லை. மலையிலிருந்து நாங்களாக ஒன்றைத் திருப்பிப் போட முடியாது. வருவதை விடலாம், அல்லது விடாமல் இருக்கலாம்.

லாக் புத்தகத்தில் ‘6.45, மும்பை, நார்மல்’ என்று எழுதினேன்.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். “வரலையே தம்பி” என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? மும்பையில் போட்டுவிட்டார்கள் அக்கா, எல்லா ஊரிலும் வந்திருக்கும், நீங்கள்தான் அழுகையில் கவனிக்காமல் இருந்திருப்பீர்கள் என்றேன். அக்கா என்னையே பார்த்தார். பிறகு “அப்பிடித்தான் இருக்கும்” என்றார்.

இரண்டாம் முறை விண்ணப்பித்து அறிவிப்பு வர ஆறு வாரம் ஆயிற்று. அதை நான் ஒழுங்காக அனுப்பினேன். யாரிடமிருந்தும் தகவல் வரவில்லை. அண்ணன் இன்றுவரை கிடைக்கவில்லை.

4

இப்போது பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். கட்கிக்குப் போய்க் கேபிள்காரனைப் பிடித்தேன். அரசு சேனலைக் காட்டாமல் இருக்கச் சட்டம் இடம் கொடுக்காது என்று கொஞ்சம் குரலை உயர்த்தியே சொன்னேன். ஓய்வு பெற்றவர்களுக்குக் குரல் சீக்கிரம் உயர்ந்துவிடும். அவன் நிதானமாக ரிமோட்டை எடுத்து எட்டு, ஒன்று, இரண்டு என்று அழுத்தினான். வந்தது. “ஹை நா, இருக்கிறதே, அங்கிள். எண்ணூற்றுப் பன்னிரண்டு” என்றான்.

சட்டம் காட்டு என்கிறது. கண்ணில் படும்படி காட்டு என்று எங்கும் சொல்லவில்லை. பழைய டிவியில் அக்காவுக்கு மூன்றாவது பட்டன். இப்போது வீடு விற்கிற சேனல்களையும் நகை விற்கிற சேனல்களையும் தாண்டி, யாரும் போகாத கொல்லைப்புறத்தில் ஆறு ஐம்பது ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் என் மகள் கவிதாவைப் பற்றிச் சொல்லவேண்டும். விமான் நகரில் வேலை. திரையில் சேனல்களின் பட்டியல் வருகிறதே, எது எந்த எண்ணில் இருக்கவேண்டும் என்று பெட்டிக் கம்பெனிகளுக்காக அடுக்கித் தருகிற ஆபீஸ். அப்பா ஒரு விசையை வைத்துக்கொண்டு ஊரை ஆண்டார், மகள் நூற்றுக்கணக்கான சேனல்களை வரிசையில் நிற்கவைக்கிறாள். இதைச் சொன்னால் அவளுக்குச் சிரிப்பு வராது. அவளுக்குத் தமிழ் பேச வரும், தட்டுத் தடுமாறி. படிக்க வராது. ஐந்தாம் வயதில் நான் சொல்லிக்கொடுத்த ‘அ’வுக்கும் ‘ஆ’வுக்கும் அப்புறம் மராத்திப் பள்ளிக்கூடம் வந்துவிட்டது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நானே போன முறை திருநெல்வேலி பஸ்ஸில் சில்லறை இல்லை என்பதற்கு “சுட்டா நஹி” என்றேன். நடத்துநர் என்னை வடக்கத்தியான் என்று நினைத்து இந்தியில் பதில் சொன்னார்.

“அரே அப்பா, அதை யார் பாப்பாங்க?” என்றாள் கவிதா. “பாக்கறவங்க இருந்தா முன்னாடி வரும் நா. சிம்பிள்.”

ஒருத்தர் பார்க்கிறார் என்றேன். ஒருத்தரா என்றாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். எங்கள் காலத்தில் பார்க்கிறவர்களை எண்ணிப் பார்க்க வழியே கிடையாது. அதனால் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு விதி எழுதினார்கள். இப்போது எண்ண முடிகிறது. எண்ண ஆரம்பித்ததும் ஒருத்தர் ஒருத்தராகவே நின்றுவிட்டார். இதை அவளுக்குச் சொல்ல எனக்குத் தமிழிலும் வரவில்லை, மராத்தியிலும் வரவில்லை.

5

இரண்டு வாரம் கழித்து அவளே ஒரு தாளோடு வந்தாள். டிஜிட்டல் காலத்தில் தொலைக்காட்சி நிறுவனங்களுக்குப் பொதுமக்கள் தொடர்பாக என்ன கடமைகள் இருக்கவேண்டும் என்று டெல்லியில் ஒரு அலுவலகம் கருத்துக் கேட்கிறதாம். யார் வேண்டுமானாலும் எழுதலாம். புனேயிலும் ஒரு கூட்டம் உண்டு, பெயர் கொடுத்தால் மூன்று நிமிடம் பேசலாம். “சும்மா கொறை சொல்லாதீங்க பா. எழுதிக் குடுங்க, நான் டைப் பண்றேன்” என்றாள்.

படிவத்தின் முதல் கேள்வியே நீங்கள் யார் என்பதுதான். ஒளிபரப்பாளர், விநியோகஸ்தர், நுகர்வோர், பிற என்று நான்கு கட்டங்கள். கவிதா யோசிக்காமல் நுகர்வோரில் குறி போட்டுவிட்டாள்.

முப்பது வருட ஆங்கிலத்தை எல்லாம் இறக்கி இரண்டு பக்கம் எழுதினேன். பொதுநல அறிவிப்புகள் எல்லா சேனல்களிலும் வரவேண்டும், ஆள் அதிகம் பார்க்கிற நேரத்தில் வரவேண்டும், அரசு சேனல்கள் முதல் பத்து எண்களுக்குள் இருக்கவேண்டும், இப்படி. கவிதா படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். எல்லாரும் இதைத்தான் எழுதுவார்கள் என்றாள். “எக்ஸாம்பிள் ஒண்ணு குடுங்க. நெஜமா ஒரு ஆள். வராததுனால என்ன ஆச்சுன்னு.”

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதை எழுதவேண்டும் என்றால் முதலில் ஒருவரிடம் போய்ச் சொல்லவேண்டும்.

6

மறுநாள் மாலை ஆறு மணிக்குக் கட்கிக்குப் போனேன். அக்கா ஒற்றை அறையில் இருக்கிறார். மகன் சாக்கணில் கார்த் தொழிற்சாலையில் வேலை, அங்கேயே குடும்பம். வாராவாரம் வருகிறான், கூப்பிடுகிறான். அக்கா போகமாட்டார். அண்ணனுக்குத் தெரிந்த வீடு இது ஒன்றுதான் என்பார்.

ரிமோட்டில் எட்டுக்கும் ஒன்றுக்கும் இரண்டுக்கும் மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தார். சிவப்பு, பச்சை, நீலம். நான் சொல்லிக்கொடுத்த வரிசையை மறக்காமலிருக்க அவரே செய்த ஏற்பாடு. டிவியை அதற்குள் போட்டு வைத்திருந்தார். ஏதோ கரும்பு சாகுபடி பற்றி ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் குறைத்தார்.

நான் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. ஆட்டம், கோப்பை, ஷிண்டே, விசை, லாக் புத்தகம் எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் வந்து சொன்ன பொய்யைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. பதினான்கு வருடம் ஒத்திகை பார்த்தும் உடைந்துவிட்டது. அக்கா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தவர் தடவிக்கொண்டே இருந்தார்.

“தெரியும் தம்பி.”

அக்கா சுண்ணாம்பு டப்பியை மூடி வைத்தார்.

“அன்னைக்கு அடுத்த வீட்டம்மா காம்ளே பாய்கூட உக்காந்துதான் பாத்தேன். நம்ம டிவியில கோடு கோடா வரும்னு அங்க போயிட்டேன். ஆறு அம்பதுக்கு மேட்ச்சுல கப்பு குடுத்துக்கிட்டு இருந்தாக. ஏழு மணி வரைக்கும் அதான் ஓடுச்சு. எனக்கு நல்லாத் தெரியும்.”

பிறகு ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்க மறாநா வந்து, கவனிக்காம இருந்திருப்பீயன்னு சொன்னீய பாருங்க. படிச்சவுக, அந்த ஆபீஸ்லயே இருக்கவுக சொல்லுதாகளேன்னு எனக்கே சந்தேகம் வந்துட்டு. ரெண்டு வருசம் தம்பி. நம்ம புருசன் மொகம் வந்தப்ப நம்ம கண்ண மூடிட்டோமேன்னு நெனச்சு நெனச்சு அழுவேன். அப்புறம் ஒரு நா காம்ளே பாய்கிட்ட கேட்டேன். கப்புதான் ஓடுச்சுன்னு அவளும் சொன்னா. அன்னைக்குத்தான் எனக்கு மூச்சு வந்துது.”

விசையை மாற்றாமல் விட்டதை விட, சொன்ன பொய்தான் பெரியது என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. இத்தனை வருடமும் நான் தவறான குற்றத்துக்காக வருந்திக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அந்த அறையை விட்டு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

அக்கா வெற்றிலையை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“அவுகளுக்கும் மேட்ச்சுன்னா உசுருல்லா. அன்னைக்கு ஊரே கட வாசல்ல நின்னுது. இவுகளும் எங்கயாவது நின்னு பாத்திருப்பாக. அந்தப் பத்து நிமிசத்துல மட்டும் படம் மாறியிருந்தா, கண்ணாடிக்குள்ள இவுக மொகம், வெளிய இவுக. பக்கத்துல நின்னவன் தோளத் தொட்டிருப்பான். ஒரு நேரம் அப்பிடித் தோணும். இன்னொரு நேரம், நடுவுல நிறுத்தாம கப்பு வாங்குத வரைக்கும் காட்டினாகளே, கை தட்டிச் சிரிச்சிருப்பாகன்னு தோணும். எது தோணுதோ அதோட படுத்துக்கிடுவேன்.”

அண்ணன் கடைத்தெருக் கூட்டத்தில் கை தட்டிக்கொண்டு நிற்பது எனக்கும் தெரிந்தது. மலை மேல் மேகத்துக்குள் உட்கார்ந்து நான் அனுப்பிய வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவரைத் தெரியாத நூறு பேர் அவரைச் சுற்றி நின்றார்கள்.

ஆறு ஐம்பது ஆயிற்று. அக்கா சத்தத்தைக் கூட்டினார். முதலில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண், அப்புறம் தலைப்பாகை கட்டிய ஒரு கிழவர், பிறகு புத்தி சரியில்லாத ஒரு இளைஞன். ஒவ்வொரு முகத்துக்கும் அக்கா திரைக்குப் பக்கத்தில் குனிந்து, நன்றாகப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அவருக்கு மராத்தி எழுத்துத் தெரியாது. முகத்தைத்தான் படிக்கிறார். இதில் யாரையாவது சந்தையில் பார்த்தால் சொல்லத்தான் இந்தப் பதினான்கு வருடமும் பார்த்து வருகிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அண்ணன் வருவார் என்று பார்க்கிறார் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“நம்மள மாதிரி எவளோ ஒருத்தி காத்துக்கிட்டு இருப்பாள்ளா” என்றார். “எழுதிக்கிடுங்க தம்பி. பேர் போட்டே எழுதுங்க.”

7

கவிதா டைப் செய்தாள். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் அடித்தாள். லாக் புத்தகம் வந்த இடத்தில் விரல்கள் நின்றுவிட்டன.

“இது நீங்களா பா?”

ஆமாம் என்றேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் மறுபடி அடிக்க ஆரம்பித்தாள். முடித்த பிறகு, எண்ணை மாற்றுவது தன் கையில் இல்லை, ஆனாலும் திங்கட்கிழமை ஆபீசில் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். கேட்டாள். இன்னும் எண்ணூற்றுப் பன்னிரண்டில்தான் இருக்கிறது. இந்தக் குறிப்பை அவளால் படிக்க முடியாது. யாராவது அவளுக்குப் படித்துக் காட்டினால், அன்றைக்கு அவள் என்னோடு உட்கார்ந்திருந்தது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது என்று சொல்லுங்கள். நேரில் சொல்ல வரவில்லை.

கூட்டம் ஒரு குளிரூட்டிய அரங்கில். கம்பெனிக்காரர்கள் முன்வரிசையில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பார்வையாளர்களின் விருப்பத்தைப் பற்றி நன்றாகவே பேசினார்கள். வெளியே அதே தூறல். என் முறை வருவதற்கு முன் ஒரு பெண் வந்து படிவத்தைக் கேட்டார். கொடுத்தவன், ஒரு நிமிடம் என்று திருப்பி வாங்கினேன்.

கவிதா நுகர்வோரில் போட்டிருந்த குறியைக் கோடு போட்டு அடித்தேன். ஒளிபரப்பாளர் என்ற கட்டத்தில் குறி போட்டேன். அதற்குக் கீழே, நிறுவனத்தின் பெயர் என்று ஒரு கோடு இழுத்திருந்தார்கள். அந்தக் கோட்டின் மேல் என் பெயரை எழுதினேன்.